எங்களிடம் ஓடி, சிஸ்டரிடம் நின்ற ஜீப்

பட்டறையில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டீர்கள்: பழைய ஜீப்பின் கார்ப்பரேட்டரை எப்படிச் சரிசெய்வது? அதைக் காட்டித்தர இங்கே நல்ல கைகள் இருக்கின்றன. எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது, பெட்ரோல் வருகிற ஜெட் துளையை எதில் கழுவுவது என்பதெல்லாம் சீக்கிரமே பழகிவிடும். கார்ப்பரேட்டரை எப்போது தொடாமல் இருப்பது என்பதுதான் சீக்கிரம் வராது. எனக்கு அந்தப் புத்தி வந்தது பிரசவம் பார்க்கும் தாதி ஒருவரால். அந்தக் கதையைச் சொல்கிறேன். கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பட்டறையில் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளியைத் தேக்கா வட்டாரத்தில் எல்லாருக்கும் ‘கார்ப்பரேட்டர் பாய்’ என்றுதான் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற அந்தச் சின்னப் பாகத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கண்ணைத் திறந்து, “கார்ப்பரேட்டர்” என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவரின் வண்டியிலும் அவர் முதலில் பார்த்தது அதைத்தான்.

அந்தப் பட்டறைக்குத்தான் தங்கம் சிஸ்டர் வந்தார். நகரத்துக்கு வெளியே, மேற்கே இருந்த கம்பங்கள் என்கிற கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது அவர் வேலை. அந்தப் பக்கம் பாதி தூரத்துக்குமேல் செம்மண் தடம்தான். அதனால் அவர் வேலை பார்த்த மருத்துவ நிலையத்தில் அவருக்கு ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். போர் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்டுப் போன வண்டி. வெள்ளைச் சீருடை, நெஞ்சில் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரம், பக்கத்தில் கறுப்புப் பை என்று அதை அவரே ஓட்டிக்கொண்டு சந்துக்குள் நுழையும்போது காய்கறிக்காரர்கள் கூடைகளை அவசரமாக இழுத்துக்கொள்வார்கள். அவர் ஓட்டுவதில் ஒரு குறையும் கிடையாது. அவர் பார்க்கிற பார்வைக்குத்தான் பயம்.

“தம்பி, இந்த வண்டி நடுவழியில நின்னுடுது” என்றார். “முதல்ல திக்குது, இருமுது, அப்புறம் படுத்துடுது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புது.”

பாய் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தார். அவர் என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வண்டியைப் புக்கிட் தீமா வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். நடுவழியில் கழுதை மாதிரி படுத்த ஜீப் குதிரை மாதிரி ஓடியது. சிஸ்டர் வந்து எடுத்துப் போனார். சில நாளில் ஒரு காய்கறி லாரி அதைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. லாரிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

மறுபடியும் கழற்றினேன். மிதவை, ஊசி, ஜெட் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் குதிரை. சிஸ்டர் எடுத்துப் போனார், மறுபடியும் கழுதை. அடுத்த தடவை பாயே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கார்ப்பரேட்டரைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டி, துடைத்து, தன் கையால் மாட்டி, தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பால் மாதிரி ஓடுது” என்றார்.

அதுவும் நின்றது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சிஸ்டர் ஜீப்பைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. சீட்டிலிருந்து இறங்கவும் இல்லை.

பாய் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. எங்க கையில நல்லாத்தானே ஓடுது? வண்டிக்கும் ஆளைப் பார்த்தா பயம் இருக்கும் லா. பொம்பளை ஓட்டினா மிரளுதோ என்னவோ.”

நான் வேறு எங்காவது பார்ப்பது நல்லது என்று கூரையைப் பார்த்தேன்.

“அப்படியா பாய்?” என்றார் சிஸ்டர், ரொம்ப மரியாதையாக. “அப்போ நான் எப்படி ஓட்டுறேன்னு உங்க ஆளு ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். லிம் சூ காங் கம்பத்துல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. போன பிரசவத்துல அவளுக்கு ரத்தம் நிக்காம போயி ரொம்ப கஷ்டப்பட்டுட்டா. இன்னைக்கு நான் பக்கத்துல இல்லாம அவளுக்குப் பிள்ளை பொறக்கக்கூடாது. வண்டி நின்னா உங்க ஆளு சரி பண்ணணும், இல்லேன்னா என்னைத் தூக்கிட்டு நடக்கணும்.”

பாய் என்னைப் பார்த்தார். பட்டறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒல்லி. சிஸ்டர் ஒல்லி இல்லை. சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

புக்கிட் தீமா சாலையில் போகிற வரைக்கும் ஜீப் ஒழுங்காக ஓடியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. ‘இன்னைக்கு நிக்காது சிஸ்டர்’ என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. தார்ச் சாலை முடிந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ஏற்றத்தில் பாதி ஏறியதும் எஞ்சின் ஒரு முறை விக்கியது. அப்புறம் இருமியது. அப்புறம் படுத்துக்கொண்டது.

சிஸ்டர் கைபிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நான் என்ன தப்பா ஓட்டினேன்?”

“ஒண்ணும் தப்பில்ல சிஸ்டர்.”

“திரும்பிப் போனதும் அதை உங்க பாய்கிட்ட சொல்லுங்க. இப்ப இறங்குங்க.”

இறங்கினேன். முந்தின நாள் மழை. தடம் முழுவதும் செஞ்சேறு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. பானட்டைத் தூக்கியதும் என் கை தானாகக் கார்ப்பரேட்டருக்குப் போயிற்று. தம்பிகளே, தங்கைகளே, அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். அரிசி மணி அளவு ஜெட். கீழே முழங்கால் வரை சேறு. அதைக் கழற்றும்போது நழுவ விட்டால் அன்றைக்கு அந்த ஜீப் அங்கிருந்து நகராது. பக்கத்தில் ஓர் அம்மா நெஞ்சில் இருக்கிற கடிகாரத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது: இதை எத்தனை தடவை கழற்றிவிட்டோம்? உள்ளே என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. இந்த ஏற்றத்தில் மட்டும் புதிதாக என்ன வந்திருக்கப் போகிறது?

ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டேன். பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயை மட்டும் பம்ப்பிலிருந்து, டாங்க் பக்கமாக, கையால் கழற்றினேன். குழாயில் பெட்ரோல் இல்லை. வாயை வைத்து டாங்க்கை நோக்கிப் பலமாக ஊதினேன். டாங்க்குக்குள் குமிழிகள் பொங்குகிற சத்தம் கேட்டது. குழாயை மாட்டிவிட்டு, “ஸ்டார்ட் அடிங்க சிஸ்டர்” என்றேன். கொஞ்சம் திணறிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“குழாயில அழுக்கு அடைச்சிருந்துச்சு. ஊதினதுல போயிடுச்சு” என்றேன். வாயெல்லாம் பெட்ரோல். அப்படியும் பெருமை குறையவில்லை.

ஏற்றம் தாண்டி, இறங்கி, வாத்துக்குளம் ஒன்றைச் சுற்றி வளைந்தோம். அடுத்த மேட்டில் ஜீப் மறுபடி விக்கி நின்றது.

இந்தத் தடவை சிஸ்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நோயாளியிடம் கேட்கிற குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“இப்ப நீங்க ஊதினீங்களே, அந்தக் காத்து எங்க போச்சு?”

“டாங்க்குக்குள்ள.”

“காத்து உள்ள போனதும் பெட்ரோல் வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு.”

“ஆமா.”

“ஆஸ்பத்திரியில குளுகோஸ் பாட்டிலைத் தலைகீழா மாட்டுவோம், பாத்திருக்கீங்களா? கண்ணாடி பாட்டில். காத்து போக ரப்பர் அடைப்புல இன்னொரு ஊசி குத்தணும். புதுசா வர்ற தாதி அதை மறந்துடுவா. முதல்ல சொட்டு நல்லா விழும். அப்புறம் மெதுவாகும். அப்புறம் நின்னுடும். பாட்டில்ல மருந்து நிறைய இருக்கும், ஆனா இறங்காது.” என்னை உற்றுப் பார்த்தார். “உங்க டாங்க்குக்குக் காத்து எங்க வழியா போகுது?”

காப்பிக் கடையில் பால் டின்னில் எத்தனை ஓட்டை போடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒன்று பால் வர, இன்னொன்று காற்றுப் போக. அதே சங்கதிதான். எனக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

“மூடியில சின்ன ஓட்டை இருக்கும் சிஸ்டர்.”

“மூடி எங்க?”

அந்தக் காலத்துப் பட்டாளத்து ஜீப்பில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான். மூடியும் அங்கேதான். நான் வாயால் சொல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். அவரும் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார்.

“என் வெயிட்டைத்தானே சொல்லப் போறீங்க?”

“இல்ல சிஸ்டர்.”

“சொல்லாதீங்க.”

இறங்கினார். சீட்டைத் தூக்கினேன். அடியில் சிவப்பு ரப்பர் விரிப்பு ஒன்று, பிரசவப் படுக்கையில் விரிப்பார்களே அந்த மாதிரி, நாலாக மடித்து, மூடியையும் அதன் கழுத்தையும் சேர்த்து அடைத்தபடி, கச்சிதமாக அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. எடுத்துவிட்டு மூடியைத் திருகினேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். நெடுநேரம் மூச்சடக்கியிருந்த டாங்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுக்காட்டில், சேற்றில் நின்றுகொண்டு, ஒரு பெட்ரோல் மூடியைப் பார்த்துச் சிரித்தோம்.

“இது எங்க சிஸ்டர் இருந்துச்சு? பட்டறையில வண்டி நின்னப்ப நான் பாக்கவே இல்லையே?”

“உங்க பட்டறையில போர்டு மாட்டியிருக்கீங்களே, வண்டியில இருக்கிற சாமானுக்குப் பொறுப்பில்லைன்னு. ஒவ்வொரு தடவையும் பையையும் விரிப்பையும் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்.”

ஆக, நோய் ஒவ்வொரு தடவையும் சிஸ்டரோடு ரிக்‌ஷா ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறது. நாங்கள் ஆரோக்கியமான வண்டிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம். எங்கள் கையில் அது குதிரை மாதிரி ஓடியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மூடியை மாட்டினேன். விரிப்பைப் பின்னால் போட்டேன். அதற்குப் பிறகு ஜீப் விக்கவும் இல்லை, இருமவும் இல்லை. சிஸ்டர் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்த பிறகு, வண்டி மிரளும் என்று பாய் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. நான் மிரண்டேன்.

அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. சுற்றிலும் கீரைப் பாத்திகள், ஒரு பக்கம் பன்றிக் கொட்டடி. வாசலில் நின்ற சீன விவசாயி ஜீப்பைக் கண்டதும் ஓடிவந்து பையைத் தூக்கிக்கொண்டார். சிஸ்டர் உள்ளே போனார், கதவு சாத்தப்பட்டது. நானும் அந்த மனிதரும் வெளியே ஒரு பலகையில் உட்கார்ந்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த கடைத்தெரு மலாயில், “தாக்குத்?” என்று கேட்டேன். பயமா என்று அர்த்தம். “தாக்குத்” என்றார். அவர் ஒரு கோப்பைக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கொடுத்ததை மறந்து அவரே குடித்துவிட்டார்.

குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்தார். ஆனால் கதவு திறக்கவில்லை. உள்ளே சிஸ்டரின் குரல் மட்டும் தாழ்ந்து, வேகமாக, மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. போன தடவை ரத்தம் நிற்கவில்லை என்று அவர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அந்த மனிதருக்கும் வந்திருக்க வேண்டும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மேட்டில் ஜெட்டைக் கழற்றித் தேடிக்கொண்டு நின்றிருந்தால் இந்த நேரம் இந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்திருப்பார் என்று நினைத்தபோது வாயில் இருந்த பெட்ரோல் கசந்தது.

கதவு திறந்தது. சிஸ்டரின் முன்கையெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் அந்த மனிதரைப் பார்த்து, இரண்டு பேரும் சுகம் என்று மலாயில் சொன்னார். “ரத்தம் நின்னுடுச்சு” என்று தமிழில் சொன்னார். அது எனக்கு. பெண் குழந்தை. அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் அழுதார், அப்புறம் எனக்கு இன்னொரு கோப்பைக் காப்பி கொடுத்தார். இந்தத் தடவை நான் வேகமாகக் குடித்துவிட்டேன்.

இதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இன்னும் நம் தொழில் பிடிபடவில்லை.

திரும்பி வரும்போது வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் சிஸ்டர் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார்.

“என்ன சிஸ்டர்?”

“உங்களுக்குத் தெரியலையா? பெட்ரோல் நாத்தம். அந்த விரிப்பை நான் அழகுக்கா போட்டேன்? சட்டை, பஞ்சு, பை எல்லாத்துலயும் ஏறிடுது. வலியில இருக்கிறவ பக்கத்துல போனா ஓங்கரிக்கிறா. வண்டி நிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, நீங்க இல்லாத ஒரு நாள் வந்து உங்க பாய்கிட்ட சொன்னேன். ஜீப்புன்னா அப்படித்தான் இருக்கும் லா, பழகிடும்னாரு. பிரசவ வலியில இருக்கிறவளும் பழகிக்கணுமா?”

ஒரு பெண் ஒரு குறையோடு வந்திருக்கிறார். நாங்கள் சிரித்து அனுப்பிவிட்டோம். அவர் தனக்குத் தெரிந்த வழியில் தானே அதைச் சரிசெய்துகொண்டார். அப்படிச் சரிசெய்ததுதான் இன்னொரு கோளாறாகத் திரும்பி வந்திருக்கிறது. வண்டியில் யாராவது துணியைச் சுற்றி, கம்பியைக் கட்டி, கட்டையைச் செருகி வைத்திருப்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரிப்பேன். ஆனால் அதைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால், ஏன் வைத்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களோ உங்களுக்கு முன்னால் யாரோ காதில் வாங்காமல் விட்ட குறை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் சிஸ்டர் ஜீப்பைப் பட்டறையில் விடும்போது, சாமான்களையெல்லாம் அப்படியே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். பாய் போர்டைக் காட்டி முறைத்தார். “காணாமப் போனா நான் பொறுப்பு பாய்” என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். பாய் ஸ்க்ரூடிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டார். பிறகு அவரே குனிந்து சீட்டைத் தூக்கி, மூக்கை டாங்க்கின் மேல் வைத்து மோந்தார். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தும் விட்டார்: மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. பெட்ரோல் ஊற்றுகிற கழுத்து டாங்க்கோடு சேருகிற இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். டாங்க்கை இறக்கி, ஒட்டவைத்து, புது வளையம் போட்டோம். மூடியின் காற்றோட்டையை நான் ஒரு தடவை பார்த்தேன், பாய் ஒரு தடவை பார்த்தார். இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் இன்னொரு தடவையும் பார்த்துக்கொண்டோம்.

அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம். வண்டி என் கையில் ஒழுங்காகவும் சொந்தக்காரர் கையில் கோளாறாகவும் இருந்தால், நான் எதையும் கழற்றமாட்டேன். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, “எப்பவும் போற மாதிரி போங்க” என்பேன். அவர்கள் பேசுவார்கள். சம்பந்தமில்லாததெல்லாம் பேசுவார்கள். அதற்கு நடுவில் எங்கோ எனக்கு வேண்டியது வந்து விழும்.

ஜீப் தயாரான அன்று சாயங்காலம் சிஸ்டர் வந்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். சந்தைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்தார். பாயும் நானும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். அவர் மறுபடியும் மூச்சை இழுத்தார். நெற்றி சுருங்கியது.

“என்ன சிஸ்டர்? இன்னும் வருதா?” என்று நான் ஓர் அடி முன்னால் போனேன்.

“பெட்ரோல் நாத்தம் சுத்தமா போயிடுச்சு தம்பி” என்றார். “இப்பதான் உங்க மேல அடிக்கிற நாத்தம் தெரியுது. போயி குளிங்க.”

கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.